பனியாற்றுச் சேற்றிலக்கணம்

பாயிரம்

நார்வே, ஸ்வீடன் மலைகளில் பனியாறுகள் எக்காலத்தில் ஏறி வந்தன, எக்காலத்தில் பின்வாங்கின என்பதைச் சேற்றைக் கொண்டு அறிவது இந்நூல் நுதலிய பொருள். கற்பதற்கு உரியோர்: ரப்பர் பூட்ஸ் உடையோர், குளிர் பொறுப்போர், ஒரு மில்லிமீட்டர் களிமண்ணுக்காக ஒரு மாதம் சண்டையிட வல்லோர்.

நூற்பா 1: சான்று எனப்படுவ மேடும் சேறும்.

உரை: பனியாற்றின் மூக்கு நின்ற இடத்தில் அது தள்ளி வந்த கல்லும் மண்ணும் குவிந்தால் மேடு, மொரேன் என்றும் சொல்வர். பாறையை அரைத்த மாவு உருகுநீரோடு போய்க் கீழே உள்ள ஏரியில் படிந்தால் சேறு. மேடு பார்க்க எடுப்பானது, ஞாபகம்தான் போதாது. பின்னால் வரும் பெரிய முன்னேற்றம் முன்னால் வந்த சிறியவற்றின் மேடுகளையெல்லாம் வாரிச் சுருட்டிவிடும். நார்வேயின் பல பள்ளத்தாக்குகளில் வெளிமேடு 18-ஆம் நூற்றாண்டினது. அதற்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டுகளில் பனி எத்தனை முறை வந்து போனது என்று அந்த மேட்டைக் கேட்டுப் பயனில்லை. சேறு எதையும் அழிக்காது, அடுக்கிக்கொண்டே போகும். ஆகவே மேட்டை வணங்கிவிட்டுச் சேற்றுக்குச் செல்க.

நூற்பா 2: சேறு மூவகை: சாம்பல், பழுப்பு, இரண்டும்கெட்டான்.

உரை: ஏரியின் அடியில் குழாய் இறக்கி எடுத்த மண்ணுருளையை நெடுக்காகப் பிளந்து வைத்தால் பட்டை பட்டையாகத் தெரியும். சாம்பல் பட்டையை விரலிடையே தேய்த்தால் நனைத்த முகப்பவுடர் போல வழுக்கும். மேலே பனியாறு இருந்து பாறையை அரைத்தது என்று பொருள். பழுப்புப் பட்டையில் இலையும் பாசியும் மக்கிய வாசம் வரும். பனியாறு மிகச் சிறுத்தது அல்லது இல்லாமலே போனது என்று பொருள். கண்ணை நம்பாதோர் உலர்த்தி எடை போட்டு, 550 டிகிரி செல்சியஸில் சுட்டு, மறுபடி எடை போடுவர். உயிர்ப்பொருள் எரிந்து போகும். எடை அதிகம் குறைந்தால் பழுப்பு, சொற்பமாகக் குறைந்தால் சாம்பல். மலைச்சரிவும் வெள்ளமும் ஒரே நாளில் கொட்டிய மண் இரண்டும்கெட்டான்; பனியாற்றின் வேடத்தில் வந்து பலரை ஏமாற்றியது இதுவே.

நூற்பா 3: ஏரியும் மூன்றே: நேரேரி, வாசலேரி, தொடர்பில்லா ஏரி.

உரை: உருகுநீர் எப்போதும் வந்து சேர்வது நேரேரி; பனி பெருத்ததா சிறுத்ததா என்பதை இது ஏற்ற இறக்கமாகச் சொல்லும். பனியாறு பெருத்து ஒரு நீர்பிரி மேட்டைத் தாண்டினால் மட்டுமே உருகுநீர் பெறுவது வாசலேரி. இதற்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு சொல்லே தெரியும், ஆனால் அவற்றை அழுத்தமாகச் சொல்லும். பனியே இல்லாத பக்கத்துப் பள்ளத்தில் கிடப்பது தொடர்பில்லா ஏரி. இங்கும் அதே காலத்தில் சாம்பல் பட்டை தென்பட்டால் காரணம் பனியாறு அன்று, மழை என்க. ஸ்வீடனின் வடகோடியில் ஆய்வாளர் விபியோர்ன் கார்லேன் 1970-களில் ஏரிச்சேற்றை விசாரித்தார். பின்னர் நார்வேயில் நடந்த விசாரணைகளின் தீர்ப்பு: சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பு, கோடை இன்னும் வெப்பமாக இருந்தபோது, அந்நாட்டுப் பனியாறுகளில் பெரும்பாலானவை கரைந்தே போயிருந்தன. இன்று அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை பிறகு மீண்டும் பிறந்தவை.

நூற்பா 4: காலம் காட்டுவன எண்ணுவன, சிதைவன, விழுவன.

உரை: கோடைக்கு ஒரு வண்டல், குளிர்காலத்துக்கு ஒரு களி என்று ஆண்டுதோறும் இணையாகப் படிபவை எண்ணுவன. புவியியலாளர் யேரார்ட் டே யேர் ஸ்வீடன் களிமண்ணில் இவற்றை எண்ணி 12,000 ஆண்டுக் கணக்கை 1912-இல் வெளியிட்டார். அது கண்டம் மூடிய பெரும்பனியின் கணக்கு, மலைப்பனியின் கணக்கு அன்று.

சிதைவனவற்றில் தலையாயது கரி-14. 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். கரையிலிருந்து விழுந்த இலை கிடைத்தால் நன்று. பழைய மண்ணிலிருந்து அடித்து வந்த கரி கலந்தால், சேறு தன் வயதைக் கூட்டிச் சொல்லும்.

விழுவன வானிலிருந்து வருபவை. ஐஸ்லாந்து எரிமலை சுமார் 12,100 ஆண்டுகளுக்கு முன்பு தூவிய வெட்டே சாம்பல் ஒன்று. 1986-இல் செர்னோபிலிலிருந்து வந்த சீசியம் மற்றொன்று. ஏறக்குறைய ஒரே சமயத்தில் பல ஏரிகளில் விழுவதால் இவற்றின் சாட்சியம் எளிதில் தோற்பதில்லை.

நூற்பா 5: சாம்பல் மிகுதல் முன்னேற்றம் ஆகாது.

உரை: இது கற்றோரும் வழுக்கும் இடம். பின்வாங்கும் பனியாறு தான் மூடிவைத்திருந்த மண்ணைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறது; மழை அதை ஏரிக்குள் தள்ளுகிறது. வரும்போதும் சாம்பல், போகும்போதும் சாம்பல். எனவே ஓர் ஏரியை மட்டும் கேட்டுத் தேதி குறிப்பவர் ஒருதரப்பு வாதம் கேட்டுத் தீர்ப்பு எழுதியவர் ஆவார்.

புறனடை

நார்வேயின் நீகார்ட்ஸ்ப்ரேன் பனியாறு 1743-இல் ஒரு பண்ணையை நசுக்கி, 1748-இல் உச்சம் தொட்டதை அவ்வூர்ப் பாதிரியார் மத்தியாஸ் ஃபொஸ் எழுதிவைத்தார். கரி-14 கொண்டு இதைச் சரிபார்க்கலாமே எனின், ஆகாது. 1650-க்கும் 1950-க்கும் இடையில் அதன் அளவுகோல் ஏறி இறங்குவதால் ஓர் அளவுக்குப் பல ஆண்டுகள் பொருந்தும். சிதைவனவற்றில் மற்றொன்றான ஈயம்-210 கொண்டு பார்க்கலாமெனின், அது சுமார் 150 ஆண்டோடு நின்றுவிடும். ஆக, 6000 ஆண்டுக்கு முன்பு பனி பெரும்பாலும் இல்லை என்று துணிந்து கூறும் இவ்விலக்கணம், 1748 பற்றிக் கேட்டால் மட்டும் பாதிரியாரைக் கைகாட்டும்.