அப்பவே சொன்ன அண்ணை

வெம்ப்ளி ஈலிங் றோட்டில் தேத்தண்ணிக் கடை எதற்குள் காலையில் நுழைந்தாலும் அவர் இருப்பார். பெயர் எதுவாகவும் இருக்கட்டும், 'அப்பவே சொன்ன அண்ணை' என்றால் றோட்டுக்கே தெரியும். பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்து, ஓசிப் பத்திரிகை மெட்ரோவை நாலாக மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு வருவார். நித்திரைக்குப் போகுமுன் ஒரு பிளேன்டீ. அது ஆறுவதற்குள், இங்கிலாந்தில் எந்த வேலை எத்தனை மாதம் பிந்தும் என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. கிரிக்கெட் ஆள். 'ஓஃப்சைட்' என்று யாராவது சொன்னால், மட்டை பிடிப்பவரின் எந்தப் பக்கம் என்று விளக்கத் தொடங்குவார். ஆனாலும் 2002 முதல் 2007 வரை வெம்ப்ளியின் புதிய தேசிய மைதானத்துக்காக அவரைப்போல் பாடுபட்டவர் குறைவு. வேலை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்றால், வேலையைப் பார்த்தவர் இவர்.

அவருடைய சந்தேகத்துக்கு அடித்தளம் இருந்தது. பழைய மைதானத்தின் கடைசி ஆட்டம் 2000 ஒக்டோபர் 7ஆம் திகதி. ஜெர்மனியிடம் இங்கிலாந்து 0-1 என்று தோற்றது. முகாமையாளர் கெவின் கீகன் அங்கேயே, மலசலகூடத்துக்குள் வைத்து, பதவி விலகுவதாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு பூட்டிய மைதானம் பூட்டியபடியே கிடந்தது. காசை யார் தருவது, உள்ளே தடகள ஓடுபாதை வேண்டுமா வேண்டாமா என்று பேச்சுக்கு மேல் பேச்சு. இடிக்கத் தொடங்கவே 2002 செப்டெம்பர் ஆயிற்று.

"இடிக்கிறதுக்கே ரெண்டு வருசம் பிந்தினவங்கள், கட்டுறதுக்கு எவ்வளவு பிந்துவாங்கள்? நீரே கணக்குப் பாரும்."

அன்றிலிருந்து மேற்பார்வை தொடங்கியது. அதற்கென்று அவருக்கு ஒரு முறை உண்டு. 83ஆம் இலக்க பஸ்ஸில் மேல்தட்டு, முன் இருக்கை. கிரேன்களை எண்ணுவார். எத்தனை நிற்கின்றன என்பது பாமரர் எண்ணும் எண்ணிக்கை. எத்தனை அசைகின்றன என்பதுதான் அவருக்குக் கணக்கு. "மூண்டாவது கிரேனின்ர கொழுக்கியில நேற்றுத் தொங்கின அதே வாளி இண்டைக்கும் தொங்குது. விளங்குதோ?" நமக்கு விளங்காது. விளங்கினதுபோல் தலையாட்டினால் ஒரு வடை வாங்கித் தருவார்.

கணக்கியல் படிக்கும் தம்பி ஒருவர் ஒருநாள் மல்லுக்கு நின்றார்.

"அண்ணை, இது விலை நிரந்தரமான கொந்திராத்து. 445 மில்லியன் பவுண். அதுக்கு மேல போனால் நட்டம் மல்டிபிளெக்ஸ் கொம்பனிக்குத்தான். நீங்கள் ஏன் பதறுறியள்?"

"அதுக்குத்தான் பதறுறன். நட்டம் எண்டு கண்டாப் பிறகு ஆரும் மைதானத்துக்கு ஓடுவானோ, கோட்டுக்கு ஓடுவானோ?"

இந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்குப் பட்டம் கொடுக்கலாம். நிரந்தர விலை என்பது செலவைக் குறைப்பதில்லை, அழப்போவது யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். அழுவதென்று தீர்ந்த ஆள் சும்மா அழமாட்டான். மல்டிபிளெக்ஸ் என்ற அந்த ஆஸ்திரேலியக் கொம்பனிக்கும் உருக்கு வேலை எடுத்த கிளீவ்லண்ட் பிரிட்ஜுக்கும் கொடுக்கல் வாங்கலில் பிடித்துக்கொண்டது. 2004 கோடையில் கிளீவ்லண்ட்காரர் கழன்றார்கள், ஒல்லாந்துக்காரர் வந்தார்கள்.

அதே கோடையில்தான் வளைவு எழும்பியது. அதை நிலத்தில் படுக்கவைத்து ஒட்டி முடித்து, கம்பிவடங்களால் இழுத்து நிமிர்த்தினார்கள். நீளம் 315 மீற்றர், உயரம் 133 மீற்றர். கூரையை அது தாங்கிப் பிடிப்பதால் பார்வையாளர் கண்ணை மறைக்க உள்ளே ஒரு தூண்கூட இல்லை. அண்ணை அதைப் பார்த்துப் பார்த்து மயங்கினார், ஆனால் வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. "கைபிடியை முதல் செய்துபோட்டு இப்ப கூடையைத் தேடுறாங்கள்" என்றார்.

அவருடைய பெரிய ஆயுதம் 1923. "பழைய மைதானம் முந்நூறே நாளில கட்டினது. ஏழரை லட்சம் பவுண். கொம்பியூட்டர் இல்லை, ஆலோசகர் இல்லை!" ஏழரை என்று சொல்லும்போது குரலில் ஒரு அழுத்தம் வரும். அந்தக் கட்டடமும் முதல் இறுதி ஆட்டத்துக்கு நாலே நாள் முந்தித்தான் முடிந்தது என்பதையும், அன்றைக்குச் சனம் மதில் ஏறி உள்ளே விழுந்து, புல்தரையிலிருந்து ஆட்களை விலக்க வெள்ளைக் குதிரையில் ஒரு பொலிஸ்காரர் வரவேண்டியிருந்தது என்பதையும் நாம் சொல்லலாம். சொல்லிப் பயனில்லை. பழைய காலத்தில் பிந்தினால் அது அவருக்கு வீரம்; இந்தக் காலத்தில் பிந்தினால் ஊழல்.

ஒரேயொரு நாள் அவர் பேசவில்லை. 2004 ஜனவரியில் அந்தக் கட்டுமானத்தில் தச்சுத் தொழிலாளி ஒருவர் விபத்தில் இறந்தார். செய்தி இருந்த பக்கத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தேத்தண்ணிக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

2006 அவருடைய பொற்காலம். மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டம் புது வெம்ப்ளியில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பெப்ரவரியில் கார்டிஃபுக்கு மாற்றினார்கள். மார்ச்சில் கூரை உருக்குச் சட்டம் ஒன்று நழுவி, வேலையாட்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். போதாததற்கு நிலம் அசைந்து அடியில் கழிவுநீர்க் குழாய்கள் நெளிந்த செய்தியும் வந்தது. அந்த மார்ச் முழுவதும் அண்ணை நித்திரைக்கே போகவில்லை என்பது கடைக்காரரின் சாட்சியம். கோடைக்கு வரவிருந்த பொன் ஜோவியின் கச்சேரி மில்டன் கீன்ஸுக்குப் போயிற்று. "அது ஆர், எங்கட பொன்னையற்ற பெடியனோ?" என்று கேட்டுவிட்டு, ஆர் என்று தெரியாமலே அவருக்காகவும் அனுதாபப்பட்டார்.

ஆனால் அவருடைய உச்சம் நீதிமன்றத்தில்தான். மல்டிபிளெக்ஸும் கிளீவ்லண்ட் பிரிட்ஜும் வருடக்கணக்கில் வழக்காடி 2008இல் தீர்ப்பு வந்தது. மல்டிபிளெக்ஸுக்குக் கிடைத்தது ஆறு மில்லியன் பவுண் சொச்சம். இரண்டு பக்கமும் வழக்குக்குச் செலவழித்தது 22 மில்லியன். அதிலே போட்டோக் கொப்பிக்கு மட்டும் ஒரு மில்லியன்.

போட்டோக் கொப்பி என்றதும் அண்ணையின் கண் கலங்கியது. அகதி வழக்குக்காக ஹோம் ஒபிசுக்கும் சட்டத்தரணிக்கும் கடிதம் கடிதமாகக் கொப்பி எடுத்த தலைமுறை அது. நூலக இயந்திரத்தில் பத்துப் பென்ஸ் போட்டு, தாள் சரிந்து கையெழுத்துப் பாதி விழாமல் போனால் இன்னொரு பத்துப் பென்ஸ் போட்டவர். பத்திரிகையின் ஓரத்தில் பேனையால் கணக்குப் போட்டார்.

"பக்கம் பத்துப் பென்ஸ்படி பாத்தால் ஒரு கோடிப் பக்கம், தம்பி. ஒரு கோடி! எனக்கு விசா தந்ததே இருநூறு பக்கத்தோட."

இதற்கிடையில், அவருக்குப் பிடிக்காத காரியம் ஒன்று நடந்துவிட்டது. 2007 மார்ச் 9ஆம் திகதி மைதானத்தைக் கையளித்தார்கள். மே மாதம் கிண்ண இறுதி ஆட்டம் நடந்தது, செல்சி வென்றது. செலவு 80 கோடி பவுணுக்குக் கிட்டப் போயிருந்தாலும், 90,000 இருக்கைகளும் இருந்த இடத்தில் இருந்தன. வேலை முடிந்ததில் அவரைப்போல் இடிந்துபோனவரை நான் பார்த்ததில்லை. 2,618 மலசலகூடம் என்று வாசித்தபோதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. "நாங்கள் வந்த புதுசில பதினொரு பேருக்கு ஒண்டு. உவங்களுக்கு எங்கட கஷ்டம் தெரியுமோ?" அதற்குப் பிறகு மைதானத்துப் புல் அவரைக் காப்பாற்றியது. நட்ட புல் வேர் பிடிக்காமல் வீரர்கள் வழுக்கி விழ, திரும்பத் திரும்ப மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் அவருக்கு ஒரு பொங்கல். ஆட்ட நாளில் தெருவில் கார் நிறுத்த அனுமதிச்சீட்டு வேண்டுமென்று வந்ததும், வருடத்துக்கு இத்தனை சண்டை என்று உத்தரவாதமாகிவிட்டது.

புல்லும் ஒருநாள் பிடித்துவிட்டதே! என்ன செய்வார்? நிலத்துக்குக் கீழே போனார். 2018 டிசம்பரில் திறப்பதாகச் சொன்ன எலிசபெத் ரயில் பாதை 2022 மே மாதம் திறந்தது. அந்த மூன்றரை வருடமும் அவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தார். இப்போது கையில் இருப்பது எச்.எஸ்.2. லண்டனிலிருந்து பேர்மிங்காமுக்கு 2026இல் ஓடும் என்று சொன்ன வேக ரயில். 2033கூட முடியாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. வெம்ப்ளிக்கு எட்டும் தூரத்தில் ஓல்ட் ஓக் கொமனில் பெரிய நிலையம் எழும்புகிறது. கிரேன்களுக்குக் குறைவே இல்லை.

போன கிழமை பிளேன்டீயில் சீனி வேண்டாம் என்றார். வடையையும் தள்ளிவைத்தார். என்ன அண்ணை, டொக்டர் பயமுறுத்திவிட்டாரோ என்று கேட்டேன்.

"பயம் இல்லைத் தம்பி. எச்.எஸ்.2 இருக்குதெல்லோ. நான் போனாப் பிறகு முடிச்சுப்போட்டு, குறிச்ச நேரத்துக்கு முடிச்சது எண்டு சொல்லுவாங்கள். ஆர் கேக்கிறது?"