பெயரைத் தட்டினால் வராது

கேள்வி: அமெரிக்காவில் கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அது யாருடையது என்று போலீஸ் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்க முடியாதா?

பதில்: தட்டலாம், வராது! தேசியத் துப்பாக்கிப் பதிவேடே கூடாதென்று 1986-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் தயாரித்த கம்பெனிக்கு போன் போட்டு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போக வேண்டும். கடைக்காரர் கடையை மூடிவிட்டாரா? அவருடைய விற்பனைத் தாள்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள அரசு மையத்தில், பெட்டி பெட்டியாக. ஸ்கேன் செய்யலாம், பெயர் போட்டுத் தேடும் வசதி மட்டும் கூடாது. ஊழியர் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். பட்டியல் இருந்தால் நாளை அரசாங்கம் வீடு புகுந்து பறிக்கும் என்று பதிவேட்டை எதிர்ப்பவர்கள் பயப்படுகிறார்கள். அரசாங்கத்தை நம்பாதது தப்பில்லை. அதற்காக, நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கார் ஓனரைச் சட்டென்று பிடிக்கிற போலீஸ், துப்பாக்கிக்காரரைத் தேடி அட்டைப்பெட்டிக்குள் தலையை விட வேண்டுமா?