பாய்க்கப்பலில் பாயின் பணி: ஓர் ஆய்வு

1. முகவுரை

இந்தோனேசியாவில் ஃபுளோரஸ் தீவின் மேற்கு முனையில் லாபுவான் பாஜோ என்னும் துறைமுக ஊர் உள்ளது. அதன் முன்னுள்ள கடலில் இரட்டைப் பாய்மரத்தோடு மரக்கப்பல்கள் கூட்டங்கூட்டமாக நங்கூரமிட்டு நிற்கும். இவற்றுக்குப் பினிசி என்று பெயர். பத்திருபது பேரை ஏற்றிக்கொண்டு, கொமோடோ தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றிக்காட்டி, மூன்றாம் நாள் கொண்டுவந்து இறக்கிவிடுவது இவற்றின் தொழில். விளம்பரப் படம் எதை எடுத்தாலும் அதில் ஏழு பாயும் விரிந்து புடைத்திருக்கும். கப்பலில் ஏறி அண்ணாந்து பார்த்தால் ஏழும் சுருட்டிக் கட்டியிருக்கும். காலுக்கடியில் எங்கோ ஓர் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருக்கும்.

படத்தில் விரிந்த பாய் எப்போது விரிந்தது, யாருக்காக விரிந்தது, விரிந்து என்ன செய்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர், எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலாவது ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரியின் முன் போய் நின்று அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வரலாம், பிறகு பேசுவோம்.

ஆய்வின் எல்லை வருமாறு: தேனிலவுத் தம்பதியர், பவளப்பாறை, கப்பல்காரர் கேட்கும் கட்டணம் ஆகியவை விலக்கப்பட்டன. முதல் இரண்டும் பிறர் துறை. மூன்றாவது, ஆய்வாளரின் மனநிலையைப் பாதித்து முடிவுகளைக் கோணலாக்கக்கூடியது.

2. வரலாற்றுப் பின்னணி

பினிசியின் தாயகம் தெற்கு சுலவேசி. புலுக்கும்பா வட்டாரத்தில் தானா பெரு, ஆரா, பீரா ஆகிய ஊர்களில் கடற்கரை மணலிலேயே இக்கப்பல்களைக் கட்டுகிறார்கள். வரைபடம் கிடையாது, அளவெல்லாம் தலைமை ஆசாரியின் தலைக்குள் இருக்கிறது. முதலில் பலகைகளை மரமுளை அடித்து ஒன்றோடொன்று இணைத்து வெளிக்கூட்டை எழுப்பிவிடுகிறார்கள். விலா எலும்புகளான வங்குக்கால்களைப் பிறகே உள்ளே பொருத்துகிறார்கள். இந்தக் கலையை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாய்கள் ஏழு. முன்புறமான அணியத்தில் மூன்று முக்கோணப் பாய். இரு மரங்களிலும் ஒவ்வொரு பெரும்பாய். பெரும்பாய்களின் தலைமேல் ஒவ்வோர் உச்சிப்பாய். இந்த ஏழையும் நம்பித்தான் அரிசியும் மரமும் கொப்பரையும் தீவுக்குத் தீவு போயின. 1970-களில் எஞ்சின் வந்தது. சரக்குக் கப்பல்களில் பாயும் சுருங்கியது, மரமும் குட்டையாயிற்று. இதில் ஆய்வாளர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கடலில் பாய் சுருங்கச் சுருங்க, மற்ற இடங்களில் அது விரிந்துகொண்டே போனது. 1986-இல் பினிசி நுசந்தாரா என்னும் கப்பல் நாட்டின் பெருமையைக் காட்டப் பசிபிக்கைக் கடந்து வான்கூவர் பொருட்காட்சிக்குப் போயிற்று. 1992-இல் வெளிவந்த நூறு ரூப்பியா நோட்டில் பினிசி முழுப் பாயோடு அச்சேறியது. ஒரு பொருளுக்கு வேலை போய்விட்டால் மரியாதை கூடும் என்பது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் அறிந்த உண்மை.

3. கருதுகோள்களும் சோதனைகளும்

கருதுகோள் (அ): பாய், கப்பலை நகர்த்துவதற்காக உள்ளது.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கருதுகோள் மூன்று காரணங்களால் தள்ளப்படுகிறது.

முதற்காரணம் பருவக்காற்று. இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1856 டிசம்பரில் மக்காசரில் உள்ளூர்ப் பாய்க்கலம் ஒன்றில் ஏறி, ஜனவரியில் ஆரு தீவுகளை அடைந்தார். மேல்காற்று கொண்டுபோய்ச் சேர்த்தது. கீழ்காற்று எழும்பித் திரும்பி வந்தபோது ஜூலை ஆகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அவர் பறவையும் பூச்சியும் பிடித்துக்கொண்டிருந்தார். இன்றைய பயணிக்கு இருப்பதோ இரண்டு நாள் தற்செயல் விடுப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். காற்று திரும்பும்வரை காத்திருப்பதென்றால் மேலாளருக்கு என்னவென்று மின்னஞ்சல் எழுதுவது?

இரண்டாவது காரணம் நீரோட்டம். சும்பாவாவுக்கும் ஃபுளோரஸுக்கும் நடுவிலுள்ள நீரிணைகள் வழியாக வடக்கே உள்ள கடலும் தெற்கே இந்தியப் பெருங்கடலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஓதம் ஏறி இறங்கும் வேளையில் தீவுகளுக்கிடையே கடல் ஆறுபோல ஓடும். கண்ணெதிரே நீர் சுழித்துக் குமிழியிடும். பாயை மட்டும் நம்பிப் புறப்பட்ட கப்பல், அணியம் வடக்கே பார்த்தபடி தெற்கே போய்ச் சேரும். போதாக்குறைக்கு மேடான தீவுகள் காற்றை மறிக்கின்றன: ஒரு முனையைத் திரும்பினால் காற்று முகத்தில் அறையும், அடுத்த முனையில் மூச்சே இருக்காது.

மூன்றாவது காரணம் நிகழ்ச்சிநிரல். பாடார் தீவின் உச்சியில் சூரியோதயம் பார்க்கவேண்டும். இளஞ்சிவப்பு மணற்கரையில் குளிக்கவேண்டும். திருக்கை மீன்கள் வருமிடத்தில் குதிக்கவேண்டும். மாலையில் காலோங் தீவில் பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சூரியனும் வௌவாலும் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே எஞ்சின். இப்பகுதி மரக்கலங்கள் பலவற்றில் அது லாரியில் ஓடிய ஜப்பானிய டீசல் எஞ்சினாகவே இருக்கும். மரபும் நவீனமும் கைகோத்து நடப்பதாகச் சொற்பொழிவாளர்கள் சொல்வது இதைத்தான்.

கருதுகோள் (ஆ): பாய், நிழலுக்காக உள்ளது.

வெப்பமண்டல வெயிலை உத்தேசித்து இது பரிசீலிக்கப்பட்டது. மேல்தளத்தில் நிழல் தருவது கம்பி நட்டுக் கட்டிய தார்ப்பாய்க் கூரையே என்பது நேரில் கண்டறியப்பட்டது. பெரும்பாயும் விரிந்தால் நிழல் தரும். ஆனால் கப்பல் திரும்பும்போதெல்லாம் நிழலும் திரும்பும். அதைத் துரத்திக்கொண்டு தன் பீன் பேக்கை இழுத்துப்போன ஒருவர், தளத்தை ஒரு முழுவட்டம் சுற்றிக் கடைசியில் சமையற்கட்டுப் புகையில் போய் உட்கார்ந்தார். கருதுகோள் தள்ளுபடி.

கருதுகோள் (இ): பாய், பார்க்கப்படுவதற்காக உள்ளது.

இதை நிறுவ ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

4. லாபுவான் பாஜோ அளவுகோல்

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் காற்றுக்கு எண்வரிசையில் ஓர் அளவுகோல் வகுத்தார். அவர் காற்றின் வேகத்தை அளக்கவில்லை. அந்தக் காற்றில் போர்க்கப்பல் எத்தனை பாய் தாங்கும் என்று பார்த்தார். பாயைக் கண்டு காற்றை அறிவது அவர் முறை. நம் களத்தில் பாயைக் கண்டு அறியவேண்டியது பயணியை. ஆகவே பின்வரும் திருத்திய அளவுகோல் முன்மொழியப்படுகிறது.

சுழி: பாய் சுருட்டியிருக்கும். பயணிகள் உறங்குகிறார்கள்.

ஒன்று: பயணி ஒருவர் அண்ணாந்து பார்க்கிறார்.

இரண்டு: "பாய் எப்போது விரிப்பீர்கள்?" என்று வழிகாட்டியிடம் கேட்கிறார். "நாளைக்கு, மிஸ்டர்" என்று விடை வருகிறது.

மூன்று: இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒருவர் மேல்தளத்தில் தோன்றுகிறார். மற்றவர்கள் அவசரமாக அறைக்குப் போகிறார்கள்.

நான்கு: டிரோன் பெட்டி திறக்கப்படுகிறது. முன்பாய்கள் ஏறுகின்றன.

ஐந்து: டிரோன் வானில். ஏழு பாயும் விரிந்தாயிற்று. பயணிகள் அணியத்தில் வரிசையாக நின்று தொடுவானத்தை நோக்குகிறார்கள்.

டிரோனின் பேட்டரி தீர்ந்ததும் ஐந்திலிருந்து நேரே சுழிக்கு இறங்கிவிடும். நடுவில் படிகள் இல்லை. காற்றின் வேகம் இவ்வளவுகோலில் இடம்பெறவில்லை என்பதை நுண்ணிய வாசகர் கவனித்திருப்பார். அதற்கு ஒரேயொரு துணைவிதி உண்டு: காற்று பலமாக அடித்தால் பாயை விரிக்கமாட்டார்கள். அதாவது காற்றிருந்தால் பாயில்லை, பாயிருந்தால் காற்றில்லை. கருதுகோள் (அ)-வின் மேல் கடைசிப் பிடி மண்ணும் இத்துடன் விழுகிறது.

பாய் விரியும் முறையும் இம்முடிவுக்கே சான்று பகர்கிறது. பிற நாட்டுக் கப்பல்கள் பலவற்றில் பெரும்பாயைக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். பினிசியில் மேற்கழி மரத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மரத்தையொட்டிச் சுருங்கிக் கிடக்கும் பாயை அக்கழியோரமாக, நாடக மேடைத் திரையை இழுப்பதுபோல், இழுத்து விரிப்பார்கள். ஆட்கள் நாலைந்து பேர் வெறுங்காலோடு வந்து கயிற்றைப் பிடிக்கிறார்கள். ஒருவன் ஏணிக்கயிற்றில் ஏறி, சிக்கிய இடத்தைக் காலால் உதைத்துவிடுகிறான். துணி ஒருமுறை படபடத்து, பிறகு விறைத்து நிற்கிறது. தளமெங்கும் "ஆகா!" இத்தனைக்கும் கப்பல் தலைவரான நகோடா எஞ்சினை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் தணித்திருக்கிறார். நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போது தவில்காரர் கையை அடக்கிக்கொள்வதில்லையா, அந்தப் பண்பு.

5. துணை ஆய்வு: பயணி

பாயின் பணி இன்னதென்று தெரிந்தபின், அதைப் பார்ப்பவரின் பணியையும் ஆராய்வது முறை. கப்பலில் ஏறியதும் பயணியின் செருப்பை வாங்கி ஒரு கூடையில் போட்டுவிடுகிறார்கள். நடந்துபோய்ச் செய்யவேண்டிய வேலை ஏதுமில்லை என்பதன் முறையான அறிவிப்பு அது. நங்கூரத்தை அவர் தூக்குவதில்லை. சுக்கானைத் தொடுவதில்லை, படம் எடுத்துக்கொள்ள மட்டும் தொடுகிறார். மாலையில் வாழைப்பழத்தைப் பொரித்துத் தேநீரோடு கொண்டுவந்து தருகிறார்கள், சாப்பிடுகிறார். கையளவு சமையற்கட்டில் ஒரே ஆள் அலையாட்டத்துக்கு நடுவே மீன் சுட்டு, சம்பல் அரைத்து, டெம்பே பொரித்து முடித்ததை அவர் அறியார். அவர் செய்த ஒரே உழைப்பு பாடார் குன்றில் விடியுமுன் படியேறியது. அதைப்பற்றி இறங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

ஒப்பீட்டுக்காகக் கொமோடோ பல்லியும் பார்வையிடப்பட்டது. 1912-இல் பீட்டர் ஓவன்ஸ் என்பவர் அறிவியல் உலகுக்கு விவரித்த இவ்விலங்கு மூன்று மீட்டர்வரை வளர்வது; மான், பன்றி, எருமையைக்கூட அடித்துத் தின்னக்கூடியது. இதற்காகவே 1980-இல் பூங்கா அமைந்தது. 1991-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நாங்கள் போனபோது அது புளியமர நிழலில் நாடியைத் தரையில் பதித்துப் படுத்திருந்தது. கவைக்கோல் பிடித்த காவலர் தாழ்ந்த குரலில் அதன் வீரத்தை விவரித்தார். அது ஒரு கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, மூடிக்கொண்டது.

ஆக, அசைவதற்கென்றே வந்த இப்பயணத்தில் பாய், பயணி, பல்லி ஆகிய மூன்றும் பத்திரப் பதிவுத் துறையின் மொழியில் அசையாச் சொத்து என்ற வகையில் அடங்கும்.

6. மறுப்புகளும் மறுமொழிகளும்

முதல் மறுப்பு: இது ஏமாற்று. மறுமொழி: ஆகாது. படத்தில் ஏழு பாய் விரிந்திருந்தன, கடலிலும் விரிந்தன. எவ்வளவு நேரம் என்று படம் வாக்குறுதி தரவில்லை.

இரண்டாவது மறுப்பு: உண்மையிலேயே பாயால் ஓடும் உல்லாசக் கப்பல்கள் உலகில் இல்லையா? உண்டு. 2000-இல் வந்த ராயல் கிளிப்பர், ஐந்து மரமும் நாற்பத்திரண்டு பாயும் கொண்டது. 1902-இல் ஜெர்மனி கட்டிய புரூசன் கப்பலின் மாதிரியில் அமைந்தது. அது ஓடும் கரீபியனில் குளிர்காலம் முழுவதும் கீழைக்காற்று ஒரே சீராக வீசுவதால் அங்கே பாய்க்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. ஆனால் அதன் அடிவயிற்றிலும் எஞ்சின் இருக்கிறது; குறித்த வேளைக்குத் துறை சேரவேண்டுமென்றால் அதுவும் ஓடும். ஆகவே வேறுபாடு அளவில்தான்.

மூன்றாவது மறுப்பு கணக்கர்களுடையது. வேலை செய்யாத பாய்க்குத் துணிச்செலவு, கயிற்றுச்செலவு, மரத்துக்கு எண்ணெய்ச்செலவு. மரம் இரண்டையும் வெட்டிவிட்டால் எடை குறையும், டீசல் மிச்சமாகும் என்கிறார்கள். கணக்கு சரி. இம்மறுப்புக்கு விடையே இவ்வாய்வின் முடிவு.

7. முடிவு

நகோடாவும் எஞ்சினும் சமையற்காரரும் உழைப்பதால் கப்பல் போகிறது. ஆனால் அது எவருக்காகப் போகிறதோ அவர் உழைக்காமல் இருப்பதற்காகவே காசு கொடுத்து வந்தவர். அவருடைய நிலையை அக்கப்பலில் முழுமையாகப் பிரதிபலிக்கும் உறுப்பு பாய் ஒன்றே. இரண்டும் பெரும்பகுதி நேரம் சுருண்டு கிடக்கின்றன. படம் எடுக்கும்போது நிமிர்கின்றன. எந்நேரமும் வெயிலில் விரிந்திருந்தால் இரண்டும் நைந்துபோகும். இரண்டையும் நம்பிக் கப்பல் ஓடவில்லை, இரண்டும் இல்லாவிட்டால் கப்பல் புறப்படவும் புறப்படாது.

எனவே கணக்கர்களுக்கு எச்சரிக்கை. வேலை செய்யாததை எல்லாம் கப்பலிலிருந்து இறக்கிவிடுவது என்று தொடங்கினால், பாய்க்கு அடுத்தபடியாக வரிசையில் நிற்பவர் டிக்கெட் வாங்கியவர்தாம்.