கொட்டகையில் ஒரு ஜாவா

கேள்வி: தாத்தா ஓட்டிய 1968 ஜாவா 250, பல வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. பெட்ரோல் ஊற்றி உதைத்தால் கிளம்புமா?

பதில்: கால்தான் சுளுக்கும்!

செக்கோஸ்லோவாக்கிய உரிமத்தில் மைசூரில் உருவான வண்டி அது. ஆலையை 1996-லேயே மூடிவிட்டார்கள். கியர் லீவரையே திருப்பிக் கிக்கராக்கிக்கொள்ளும் புத்திசாலி வண்டிதான். ஆனால் சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் துருவோடு சம்பந்தம் பேசி முடித்திருந்தால் அந்தப் புத்தி உதவாது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு லீவரைக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். கிராங்க் ஆயில் சீல் காய்ந்திருந்தால் காற்று புகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வயரிங்கை எலி விட்டு வைத்திருக்கிறதா என்றும் பார்க்கவும்.

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். முதல் பதிவு 15 வருடம்; அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வயது 50-ஐத் தாண்டியதால், 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் கேட்கலாம். ஆனால் அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கே ரோட்டில் இறக்கலாம். பழைய ஜாவாக்காரருக்குக் கடைசிக் காரணம் ஒன்றே போதும், தினமும் வெளியே போய்வரலாம்!