வழி வுடு பெருசு!

வா கண்ணு, வா. மூச்சு வாங்குது பாரு, செத்த உக்காரு. சைக்கிளை அந்த முந்திரியில சாய்ச்சு வை. ஒரு சோடி மாடு வாங்கற காசைக் கொட்டி வாங்கினதுங்கற. ஆனா மணி மட்டும் வைக்கலியாம், கனம் கூடிடுமாம்! அதுக்குப் பதிலா "வழி வுடு பெருசு"ன்னு தொண்டையில ஒண்ணு வச்சிருக்கியே, அது மட்டும் கனக்கல போல.

கோவம்லாம் இல்லடா. புதுச்சேரியிலேர்ந்து விடியக்காலையில வந்து இந்த ஆரோவில் காட்டுல வேர்வை சிந்தற. நாங்களும் இங்கதான் சிந்தினோம், குழி வெட்டி. எங்களுக்குக் கூலி குடுத்தாங்க. நீ கைக்காசைப் போட்டுச் சிந்தற. உன் மனசுதான் பெருசு.

நீ வர்றது மணிக்கு 20 கிலோமீட்டர்னு கைக்கடிகாரத்தைக் காட்டற. அப்படின்னா நொடிக்கு அஞ்சரை மீட்டர். வளைவுல 10 மீட்டருக்கு மேல யாரு கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது. மிச்சம் ரெண்டு நொடி. அதுக்குள்ள நான் திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் ஒதுங்கலாம்னு என் முழங்காலைக் கேக்கணும். அது அவ்வளவு வெரசா பதில் சொல்றதா இருந்தா நான் எதுக்குத் தடி வச்சிக்கிறேன்? தலையில புல்லுக்கட்டோட வர்ற பொம்பளைக்குக் கழுத்தே திரும்பாது. பின்னாலேர்ந்து கத்தினா கட்டு உன்மேலதான் விழும். தூரத்துலயே வேகத்தைக் கொறைச்சுக்கிட்டு "ஆயா, வலப்பக்கமா போறேன்"னு சொல்லிப் பாரு. நீ கடந்து போறதுக்குள்ள உன் சாதகத்தையே கேட்டுடும், அது வேற விசயம்.

இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் எங்களோட மண்ணு வெட்டினாரு. அவங்க ஊர்ல 1968-ல ஒரு சட்டம் வந்துச்சாம். குதிரைப் பாதையில சைக்கிள் போகலாம், ஆனா நடக்கறவனுக்கும் குதிரைக்காரனுக்கும் வழி விட்டுத்தான் போகணுமாம். அதே வருசம் பிப்ரவரி 28-ல இங்க 124 நாட்டு மண்ணைக் கொண்டாந்து ஒரே தாழியில போட்டாங்க. அத்தனை நாட்டு மண்ணும் ஒரு தாழியில சண்டையில்லாம கெடக்குது. ஒரு தடத்துல ரெண்டு பேர் போறதுக்குத்தான் பஞ்சாயத்து.

நீங்க என்ன சிரிக்கிறீங்க, வாக்கிங் சார்? உங்களுக்கும் இருக்குது. நாலு பேரு கைகோத்த மாதிரி பாதையை அடைச்சுக்கிட்டு வீட்டுமனை விலை பேசிக்கிட்டுப் போறீங்க. ரெண்டு காதுலயும் பாட்டு. இவன் மணியே வச்சு அடிச்சாலும் அது யாருக்குக் கேக்கும், ஓணானுக்கா? நாயை அவுத்து விட்டுட்டு "கடிக்காது, வாங்க"ங்கறீங்க. அதை நாய் சொல்லட்டும். மழை நாள்ல செருப்புல சேறு படக்கூடாதுன்னு தடத்தை விட்டு ஓரமா நடக்கறீங்க. அந்த ஓரத்துலதான் வீரைக் கன்னும் கருங்காலிக் கன்னும் நிக்குது. கருங்காலி வளர்ற வேகம் உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஊராட்சி ரோடு போடற வேகம்.

ஆனா உங்க ரெண்டு பேரையும் விட பெரிய பாத்தியதைக்காரன் ஒருத்தன் இருக்கான். ஐப்பசி, கார்த்திகையில வருவான். இந்த மேடு முன்ன பொட்டல் செம்மண்ணு. மழை பேஞ்சா வழிச்சு ஓடையில தள்ளிக்கிட்டுப் போய் கடலைச் செவப்பாக்கும். இரும்பைக் கோயில்ல லிங்கம் வெடிச்சு, கடுவெளிச் சித்தர் சாபத்துலதான் பூமி வறண்டுதுன்னு கதை சொல்லுவாங்க. பாவம் சித்தரு. கோடாலியும் ஆடும் செஞ்சதுக்கு அவர் தலையில பழி. அந்தத் தண்ணியை நிறுத்தத்தான் வரப்பு வரப்பா மண்ணு அணைச்சோம், அப்புறம்தான் கன்னு நின்னுது.

இப்ப ஈரமண்ணுல நீ பின் பிரேக்கை அமுக்கி சர்ருனு இழுக்கற பாரு, அந்தக் கோட்டைத்தான் அவன் தேடிக்கிட்டு வர்றான். காலடி தனித்தனிக் குழி, தண்ணி அதுல தேங்கி நிக்கும். டயர் தடம் ஒரே வாய்க்கா. சரிவுல எறங்கினா ஓடத்தான் செய்யும், வரப்பையும் ஒடைச்சுக்கிட்டு. சார் மொகம் மலர வேணாம். உங்க கூட்டம் மிதிச்சு மிதிச்சே தடம் ரெண்டு பக்கத்தையும் விட பள்ளமாயிடுச்சு. இவன் கோடு போட்டான், நீங்க கரை கட்டிக் குடுத்தீங்க.

அதனால அடை மழை பேஞ்ச மறுநாள் ரெண்டு பேரும் தார் ரோட்டுல போங்க. தண்ணி வடிஞ்சதும் வாங்க, ஒடைஞ்ச வரப்பைச் சேர்ந்தே அணைக்கலாம். மம்மட்டி என்கிட்ட ரெண்டு இருக்குது. ஒண்ணுக்குப் பிடி இல்ல. அதை மட்டும் சார் போட்டுக்கிட்டு வரணும். மணி வைக்கவே கனம் பாக்கறவன் இவன், மம்மட்டிக்குப் பிடியா கொண்டாரப் போறான்?