கங்காணிக்குச் சீட்டு எழுதுடா பேராண்டி!

வாடா பேராண்டி, உக்காரு. ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகத்துல படிக்கிற புள்ளைக்கிட்டப் பேசவே கூச்சமா இருக்கு. மடிக்கணினி விசையிலெல்லாம் கலர் கலரா வெளக்கு எரியுது. நிரல் எழுதறது எப்படின்னு விடிய விடிய வீடியோ பாக்குற. இன்னும் ஒரு வரிகூட ஓட்டலை. அதுக்கென்ன அவசரம், பட்டம் வாங்கிட்டுப் பாத்துக்கலாம்.

பைத்தான் கத்துக்க அம்மாகிட்டக் காசு கேட்டியாமே? குய்டோ வான் ரோசம் 1991ல வெளியிட்ட மொழி அது. மொழியும் இனாம், அதிகாரபூர்வப் பாடமும் இனாம். காசு குடுத்தாத்தான் மண்டையில ஏறும்னா தாராளமாக் குடு. கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. வேலையை விட்டவனுக்கு ராத்திரி நீளம்.

நிறுவறப்போ ‘பாத்’துல சேக்கவான்னு அடியில ஒரு சின்னக் கட்டம் கேக்கும். அதைத் தொட்டுடாதே. பெரிய படிப்புக்காரங்க சின்னக் கட்டத்தைப் பாக்கலாமா? அப்புறம் கறுப்புத் திரையில பைத்தான்னு தட்டினா, விண்டோஸ் உன்னை மைக்ரோசாப்ட் கடை வாசல்ல கொண்டுபோய் நிறுத்தும். வேடிக்கை பாத்துட்டு வா.

கட்டத்தைத் தொட்டுத் தொலைச்சிட்டேன்னா, பைத்தான்னு தட்டினதும் மூணு அம்புக்குறி வந்து நிக்கும். அது விடியுமுன்னே தோட்டத்துப் பெரட்டுல நிக்கிற கங்காணி. ஏழை எட்டால பெருக்குன்னா உடனே 56ன்னு சொல்லுவான். ஆனா திரையை மூடினா நீ சொன்னது அத்தனையும் மறந்துடுவான். நாளைக்கும் அதே வேலை நடக்கணும்னா சீட்டு எழுதிக் குடுக்கணும். அந்தச் சீட்டுதான் கோப்பு.

நோட்பேடுல எழுது. பேருக்குப் பின்னால புள்ளி பி ஒய் போட்டுச் சேமி. நோட்பேடு சொல்லாமக் கொள்ளாம இன்னொரு வாலை ஒட்டிவைக்கும், அதை வெட்டு. சீட்டு இருக்கிற கோப்புறைக்குள்ள நின்னு, பைத்தான்னு தட்டி, இடம் விட்டு, சீட்டோட பேரைத் தட்டு. இதை அம்புக்குறி நிக்கிற எடத்துல தட்டினா ‘சின்டாக்ஸ் எரர்’னு மொறைப்பான். கங்காணியை விட்டு வெளியே வந்துதான் தட்டணும். நேருல கேட்டா விடையை அவனே சொல்லுவான். சீட்டுல எழுதினா, ‘பிரிண்ட்’ பண்ணுன்னு சொன்னாத்தான் காட்டுவான். சீட்டு ஓடிச்சு, திரையில ஒண்ணும் வரலைன்னு ஒப்பாரி வைக்கிறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க.

இங்கிலீசு வரலைன்னு சாக்குச் சொல்லுவியே? முத்து அண்ணாமலை அந்தப் பைத்தான் மேலேயே ‘எழில்’னு ஒரு தமிழ் நிரல்மொழி கட்டி 2009லயே அறிவிச்சிட்டாரு. பதிப்பி "வணக்கம்"னு எழுதினா வணக்கம் வரும். ‘ஆனால்’, ‘வரை’ன்னு தொடங்கினதை ‘முடி’ன்னு எழுதி முடிக்கணும். தொடங்கினதை முடிக்கணும்ங்கிற மொழி உனக்குச் சரிப்படுமான்னுதான் தெரியலை. தமிழ் தட்ட வராதுன்னும் தப்பிக்க முடியாது. முரசு அஞ்சலைச் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரரு. ரெண்டு முத்து கெடைச்சும் நீ சிப்பியைத்தான் தடவிக்கிட்டு இருக்கே.

பிழை வந்தா செவப்பைப் பாத்துப் பதறாதே. கடைசி வரியை மொதல்ல படி, என்ன கோளாறுன்னு சொல்லும். எத்தனாவது வரியிலன்னு அதுக்கு மேலேயே இருக்கும். அப்பவும் புரியலைன்னா எங்கிட்ட வா. நீ என்ன தட்டினேன்னு கேப்பேன். என்ன வீடியோ பாத்தேன்னு கேக்கமாட்டேன்.