தாத்தா துப்பாக்கிக்குத் தேர்தல் விடுப்பு

சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துவைப்பவர் கொடுத்துவைத்தவர். அரசாங்கமே அதற்கு ஓய்வு தருகிறது.

தேர்தல் அறிவித்ததும் அது காவல் நிலையம் போய்விடும். ரசீது உண்டு. முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் வீடு திரும்பும். 2021 ஏப்ரலில் திருப்பதி மக்களவை இடைத்தேர்தல். 2024இல் மார்ச் 16 முதல் ஜூன் 4 வரை பொதுத்தேர்தல். அந்த இரண்டரை மாதமும் காட்டுப்பன்றிகள் நடத்தை விதிகளை மதித்து, நிலக்கடலைக் கொல்லையை எட்டிப்பார்க்கவில்லை என்றே நம்ப வேண்டும்.

2019 ஆயுதத் திருத்தச் சட்டம் இன்னும் கரிசனமானது. ஆளுக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கியது. பரம்பரையாக வந்ததும் கணக்கில் சேரும். தாத்தா, கொள்ளுத்தாத்தா, மாமனார் மூவரும் ஆளுக்கொன்று விட்டுப்போயிருந்தால், யாராவது ஒருவரை மறந்தாக வேண்டும். (மாமனாரைத்தான்.)

2024 மே 14. வாக்குப்பதிவுக்கு மறுநாள், வாக்கு இயந்திரங்கள் இருந்த திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் சந்திரகிரி வேட்பாளர் ஒருவர் தாக்கப்பட்டார். தாத்தா துப்பாக்கியை யாரும் சந்தேகிக்க முடியாது. அதனிடம் ரசீது இருக்கிறது. அடுத்த தேர்தலுக்குள், தாக்குதலுக்கு எடுத்துவரும் சுத்தியலுக்கும் உருட்டுக்கட்டைக்கும் ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடித்தால் ஏற்பாடு முழுமை பெறும்.